நாற்பது பெயர், இருபது சீட்டு

நாற்பது பேரில் பத்துப் பேரைக் குலுக்கிப் போட்டு எடுத்தால் ஒவ்வொருவருக்கும் வாய்ப்பு எவ்வளவு? பத்தை நாற்பதால் வகுத்தால் நான்கில் ஒன்று. பள்ளிக்கூடத்துப் பிள்ளைகூடச் சொல்லிவிடும். புள்ளியியலில் பட்டம் வாங்கிக்கொண்டு தூத்துக்குடிக்கு வேலைக்கு வந்த நான் இந்தக் கணக்கில்தான் தப்பு செய்தேன். விடை சரி, அதில் உங்களுக்குச் சந்தேகமே வேண்டாம். இன்றைக்குக் கணினியில் போட்டாலும் அதே நான்கில் ஒன்றுதான் வரும்.

போன வாரம் உங்கள் பிரிவுக்கு என்னைப் பேசக் கூப்பிட்டிருந்தீர்கள். கடைசியில் புதிதாகச் சேர்ந்த பெண் ஒருவர் எழுந்து, "சார், ஆட்களைத் தேர்ந்தெடுக்க குலுக்கல் போட்டுட்டா நம்ம மேல தப்பே வராதுல்ல?" என்று கேட்டார். நான் ஏதோ சொல்லி மழுப்பிவிட்டு, காப்பியைக் குடித்துவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டேன். அதிலிருந்து மனது சரியில்லை. அந்தப் பெண்ணுக்கு நான் ஒரு பதில் சொல்லக் கடன்பட்டிருக்கிறேன். எல்லாருமாகப் படித்துக்கொள்ளுங்கள்.

எழுபதுகளின் நடுவில் நடந்தது இது. முத்துச்சிப்பிகளைக் கடலடியிலிருந்து உயிரோடு எடுத்துவந்து வளர்த்துப் பார்க்கும் ஒரு சின்ன நிலையத்தில் எனக்கு வேலை. நான் கயத்தாற்றுக்காரன். லாரிகள் போகிற நெடுஞ்சாலையைப் பார்த்து வளர்ந்தவன். கடலை அதற்குமுன் திருச்செந்தூரில் ஒரு தடவை பார்த்ததோடு சரி, அப்போதும் முழங்கால் வரைதான் இறங்கினேன்.

சிப்பி எடுக்கப் பத்து ஆட்கள் வேண்டும் என்று உத்தரவு வந்தது. கரையில் அதற்கு ஆட்களுக்கா பஞ்சம்? சங்கு குளிக்கிறவர்கள் எத்தனையோ பேர். அந்தக் கரையில் அவர்களைக் குளியாளிகள் என்பார்கள். காற்றுக் காலம் வந்துவிட்டால் அவர்களுக்குக் கடலில் வேலை இருக்காது, உப்பளத்துக்கும் துறைமுகத்துக்கும் மூட்டை தூக்கப் போவார்கள். நாங்கள் கொடுக்கப்போவதோ வருடம் முழுவதும் சம்பளம் வருகிற வேலை. செய்தி பரவிய மூன்றாம் நாளே சிபாரிசுக் கடிதங்கள் குவிய ஆரம்பித்தன. எந்தெந்தப் பெரிய மனிதர்கள் எழுதினார்கள் என்று சொன்னால் நீங்கள் நம்பமாட்டீர்கள்.

எங்கள் அதிகாரிக்கு மூக்கு நுனியில் கோபம். தன் பெயர் எங்கும் அச்சில் வருவது அவருக்குப் பிடிக்காது என்பதால் பெயரைச் சொல்லாமல் விடுகிறேன். அத்தனை கடிதங்களையும் ஒரு பெட்டியில் போட்டுப் பூட்டினார். "குலுக்கிடு. நீதான் அதுக்குப் படிச்சிருக்கியே" என்றார். எனக்குத் தலைகால் புரியவில்லை. படிப்புக்கு இவ்வளவு சீக்கிரம் வேலை வரும் என்று நான் எதிர்பார்க்கவே இல்லை.

ஒரு சனிக்கிழமை காலையில் கரையில் மேசை போட்டு உட்கார்ந்தேன். "வந்தவங்க எல்லாரும் பேர் குடுங்க" என்றேன். வந்தார்கள். ஒருவர் பெயர் சொன்னதும் அவரை ஒட்டி நிற்பவர் தன் பெயரைச் சொல்வார். பிறகு இருவரும் சேர்ந்தே நகர்ந்து போவார்கள். அடுத்து இருவர் வருவார்கள். இரண்டிரண்டு பேராக ஏன் வருகிறார்கள் என்று ஒரு கணம்கூட நான் யோசிக்கவில்லை. வரிசை இவ்வளவு ஒழுங்காக வருகிறதே என்று மகிழ்ந்துதான் போனேன். நாற்பது பெயர் சேர்ந்தது.

நாற்பது சீட்டையும் ஒரே அளவில் வெட்டினேன். ஒரே மையில் எழுதி, ஒரே மாதிரி நான்காக மடித்து, பிஸ்கட் டப்பாவில் போட்டு நானே குலுக்கினேன். கரும்பலகை ஒன்றைக் கொண்டுவரச் சொல்லி நாற்பதில் பத்து, நான்கில் ஒன்று என்று எழுதிக் காட்டினேன். "இந்தக் கடற்கரையில் இதைவிட நியாயமான தேர்வு நடந்ததில்லை" என்றுகூடச் சொன்னேன் என்று நினைக்கிறேன். வயது அப்படி.

சீட்டை எடுக்க டீக்கடை அண்ணாச்சியை அழைத்தோம். பனங்காட்டுப் பக்கத்திலிருந்து வந்து கடை வைத்தவர். கரையில் அவருக்கு உறவும் கிடையாது, பகையும் கிடையாது. கையைக் கழுவி, வேட்டியில் துடைத்து, கண்ணை இறுக மூடிக்கொண்டு ஒவ்வொன்றாக எடுத்தார். பத்தாவது பெயரை வாசித்ததும் நான் நிமிர்ந்து பார்த்தேன், கைதட்டல் வரும் என்று.

ஒரு சத்தமும் இல்லை. ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பின்னாலிருந்து யாரோ, "முடிஞ்சுதா சார்?" என்றார். "முடிஞ்சுது" என்றேன். அவ்வளவுதான், கலைந்து போய்விட்டார்கள். அண்ணாச்சி மட்டும் என் அருகில் வந்து, "ஏன் தம்பி, நான் ஏதும் தப்பா எடுத்துட்டனா?" என்று கேட்டார். அவர் முகம் வாடியிருந்தது. நான் அவருக்கு ஆறுதல் சொல்லி அனுப்பிவிட்டு, பத்துப் பெயரையும் தட்டச்சு செய்து, முத்திரை குத்தி, அறிவிப்புப் பலகையில் ஒட்டினேன். திங்கட்கிழமை முதல் வள்ளம் கிளம்பும் என்றும் அதில் இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை பகலில் நிலையத்தில் தனியாக இருந்தேன். மாதா கோயில் பூசை முடிந்து அப்படியே வந்த ஒரு பெண் வாசலில் நின்றார். முப்பது வயதிருக்கும். தலையில் போட்ட முக்காட்டை இன்னும் எடுக்கவில்லை.

"நான் சவரிமுத்து வீட்டுக்காரி சார். ரோசம்மா."

பட்டியலில் நான்காவது பெயர் சவரிமுத்து. "அவர் பேருதான் வந்துருச்சேம்மா" என்றேன்.

"அவுக பேரு வந்துருக்கு சார். எங்க அண்ணன் பேரு வரலியே. அந்தோணின்னு."

எனக்குச் சுருக்கென்றது. பூட்டிய பெட்டிக்கு வெளியிலும் சிபாரிசா? "குலுக்கல்ல சிபாரிசு செல்லாதும்மா. ஒரு வீட்டுக்கு ஒரு வேலை கிடைச்சதே பெரிசு" என்று விறைப்பாகச் சொன்னேன்.

உடம்புக்கு முடியாதவனைப் பார்ப்பதுபோல என்னைப் பார்த்தார். "சார் வள்ளத்துல போயிருக்கியளா?"

"இல்லை."

"அதான்" என்றார். அதில் ஏளனம் இல்லை, எனக்காக வருத்தப்படுகிறார் என்றுதான் பட்டது. பிறகு நிதானமாகச் சொன்னார்.

"அவுக தண்ணிக்குள்ள எறங்குனா மேல வள்ளத்துல கயிறு புடிக்கது எங்க அண்ணன். எனக்குக் கலியாணம் ஆன வருசத்துலருந்து அப்படித்தான். கீழருந்து கயித்தை ஆட்டுனா இழுக்கணும். ஆட்டலைன்னாலும் சில நேரம் இழுக்கணும், எப்பன்னு தெரியணும். எங்க அண்ணனுக்குத் தெரியும். வேற எவனுக்கு சார் தெரியும்?"

"பத்துப் பேர்ல யாராவது ஒருத்தர் பிடிக்கலாமே" என்றேன்.

"யாராவதா?" என்று சிரித்தார். சிரித்த வாயோடு கண் கலங்கிவிட்டது. "என் தாலி சார் அந்தக் கயிறு. கூடப் பொறந்தவன்னா அதைப் புடிச்சிக்கிட்டு பீடி பத்த வைக்க மாட்டான். இங்கன எல்லாருக்கும் மச்சான்தான் புடிப்பான். கட்டுனவளோட அண்ணன், தம்பி. பொண்ணு எடுக்கையிலயே கயிறு புடிக்க ஆளு இருக்கான்னு பாத்துத்தான் எடுப்பாக."

தப்பை அவர்கள் பக்கம் தள்ள முடியுமா என்று பார்க்கிற புத்தியோடு, "இதை நேத்தே யாராவது எங்கிட்ட சொல்லியிருக்கலாமே" என்றேன்.

"அதைச் சொல்லணுமா சார்? ரெண்டு பேரு சேந்தாத்தான ஒரு ஆளு. சாருக்குத் தெரியும்னுல்லா நினைச்சாக."

பெயர்ப் பட்டியலை எடுத்து அவர் முன்னால் விரித்தேன். யாருக்கு யார் மச்சான் என்று கேட்டுக் கேட்டுக் கோடு போட்டேன். நாற்பது பெயரும் இருபது ஜோடியாக நின்றன. வந்த பத்துப் பெயரில் ஒரே ஒரு ஜோடிதான் முழுதாக இருந்தது, மிக்கேலும் அவருடைய மச்சானும். மற்ற எட்டுப் பேரும் பாதிப் பாதி. அந்த எட்டில் ஐந்து பேர் குளியாளிகள், மூன்று பேர் கயிறு பிடிக்கிறவர்கள். அடித்துப் பிடித்துச் சேர்த்தாலும் கணக்கு ஒட்டாது.

அப்போதுதான் போட்டிருக்க வேண்டிய கணக்கைப் போட்டேன். ஒருவர் பெயர் வர நான்கில் ஒன்று. அவர் வந்துவிட்டால் மீதி முப்பத்தொன்பது சீட்டு, ஒன்பது இடம். அவருடைய மச்சானும் வர முப்பத்தொன்பதில் ஒன்பது. இரண்டையும் பெருக்கினால் ஐம்பத்திரண்டில் மூன்று, ஏறக்குறையப் பதினேழில் ஒன்று. இருபது ஜோடியில் ஒன்று முழுதாகத் தேறும் என்று அந்தக் கணக்கு சொல்கிறது. ஒன்றுதான் தேறியிருந்தது. எனக்கு வெட்கமாக இருந்தது. அண்ணாச்சியின் கை தப்பாக எடுக்கவில்லை. நான் படித்த படிப்பும் பொய் சொல்லவில்லை. யாரிடமும் ஒரு வார்த்தை கேட்காமல் பெயர் எழுதியவன் நான்.

"நாளைக்கு உங்க வீட்டுக்காரர் என்ன செய்யப்போறாராம்?" என்று கேட்டேன்.

"எறங்கத்தான் போறேங்காக. எவன் கயிறு புடிச்சாலும் எறங்குவேங்காக. காத்துக் காலத்துல பட்ட பாடு அப்படி சார். நான் இங்கன வந்தது அவுகளுக்குத் தெரியாது."

அவருக்கு உண்மையைச் சொல்லிவிட வேண்டும் என்று தோன்றியது. "பட்டியலைக் கிழிச்சிட்டு ஜோடி ஜோடியா மறுபடி குலுக்கலாம். ஆனா இப்ப உங்க வீட்டுக்காரருக்கு வேலை கையில இருக்கு. மறுபடி குலுக்கினா இருபது சீட்டுல அஞ்சுதான் எடுப்போம். நாலு தடவை குலுக்கினா மூணு தடவை உங்க சீட்டு வராதும்மா" என்றேன்.

ரோசம்மா முக்காட்டைச் சரிசெய்தார்.

"வராட்டிப் போவுது சார். வீட்டுல இருப்பாகல்லா."

சரிம்மா என்று சொன்னேனா, தலையை மட்டும் ஆட்டினேனா, நினைவில்லை.

நேராக அதிகாரி வீட்டுக்குச் சைக்கிளை மிதித்தேன். அவர் முற்றத்தில் உட்கார்ந்து பிள்ளையின் செருப்புக்கு வார் தைத்துக்கொண்டிருந்தார். எல்லாவற்றையும் கேட்டார். எழுந்து அடிக்கப்போகிறார் என்றே நினைத்தேன். அவர் கேட்டது ஒரே கேள்வி: "மறுபடி குலுக்கினா அந்த ஒரு முழு ஜோடியை என்ன செய்வே?"

வழியெல்லாம் நான் யோசித்தும் விடை கிடைக்காத கேள்வி அது. மிக்கேலை அப்படியே வைத்துக்கொண்டால் மீதிப் பத்தொன்பது ஜோடிக்கு நான்கே இடம், எல்லார் வாய்ப்பும் குறையும். மிக்கேலையும் டப்பாவில் போட்டால், ஒரு தப்பும் செய்யாதவர் கையிலிருப்பதைப் பிடுங்குகிறோம். "தெரியலை சார். அவங்ககிட்டயே கேட்கிறேன்" என்றேன்.

"அது சரி. இப்பவாவது கேட்கணும்னு தோணுதே" என்றார். ஊசியை வாயில் கவ்விக்கொண்டு மேலும் சொன்னார். "ஒட்டின காகிதத்தை நான் கிழிக்கிறேன், அதுக்கு எனக்கு உரிமை உண்டு. ஏன் கிழிச்சோம்னு அத்தனை பேர் முன்னால சொல்லவேண்டியது நீ."

அண்ணாச்சி கடையில் சொல்லிவிட்டால் போதும், கரை முழுக்கத் தெரிந்துவிடும். திங்கட்கிழமை விடிந்ததும் நாற்பது பேரும் வந்துவிட்டார்கள். வள்ளம் கட்டிக் கிடந்தது. அதிகாரி ஒன்றும் பேசாமல் பலகையிலிருந்த தாளைக் கிழித்து மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். பிறகு என்னைப் பார்த்தார்.

அன்று பேசியதுபோல நான் வாழ்க்கையில் எந்த மேடையிலும் பேசியதில்லை. "உங்க நாப்பது பேரையும் தனித்தனியா எண்ணிட்டேன். இருபது கயிறுன்னு எண்ணியிருக்கணும். எனக்குத் தெரியலை, கேட்கவும் இல்லை. தப்பு என்னோடது" என்றேன்.

லூர்து என்கிற வாட்டசாட்டமான ஆள் முன்னால் வந்தார். குளியாளி. சனிக்கிழமை அவர் பெயர் வந்திருந்தது, மச்சான் பெயர் வரவில்லை. "தப்பு பண்ணுனது நீங்க. போறது எங்க வேலையா? இது எந்த ஊரு நியாயம் சார்?"

இந்தக் கேள்வி உங்களுக்கும் ஒரு நாள் வரும். வரும்போது விதிமுறைப் புத்தகத்தைத் தூக்கி நடுவில் வைக்காதீர்கள். "ஆமா லூர்து. தப்பு என்னோடது, நஷ்டம் உங்களோடது. அதை எப்படி மாத்துறதுன்னு எனக்குத் தெரியலை. ஆனா தெரியாத கையில கயித்தைக் குடுத்து உங்களை எறக்க என்னால முடியாது" என்றேன். லூர்து வாய்க்குள் ஏதோ சொன்னார். நல்ல வார்த்தையாக இருக்காது. ஆனாலும் பின்னால் நகர்ந்தார்.

பிறகு மிக்கேலைக் கூப்பிட்டு, அவருடைய ஜோடியை அப்படியே வைத்துக்கொள்ளவா என்று எல்லார் முன்னாலும் கேட்டேன். மிக்கேல் தன் மச்சானைப் பார்த்தார். அந்த மனிதர் லேசாகத் தோளைக் குலுக்கினார்.

"எங்க சீட்டையும் போடுங்க சார். நாளைக்கு இவனுவ மூஞ்சியில முழிக்கணும்லா" என்றார் மிக்கேல்.

இருபது சீட்டு எழுதினேன். ஒவ்வொன்றிலும் இரண்டு பெயர். எழுதும்போதே இன்னார் மச்சான் இன்னார் என்று வாசித்து, சரியா என்று கேட்டேன். இருபதில் ஐந்து. அதே நான்கில் ஒன்று. கரும்பலகையில் சனிக்கிழமை எழுதியதை அழிக்கவேண்டிய தேவையே வரவில்லை. அண்ணாச்சி கையைக் கழுவிக்கொண்டு வந்தவர், டப்பாவில் கைவிடுமுன், "தம்பி, இந்தத் தடவையாவது ஒழுங்கா எழுதியிருக்கியா?" என்றார். கூட்டம் சிரித்தது. இரண்டு நாளில் முதல் சிரிப்பு அது.

இரண்டாவது சீட்டு லூர்துடையது. நான்காவது மிக்கேலுடையது. அதை வாசித்ததும் எல்லாரும் கத்தினார்கள், விசில்கூடப் பறந்தது. இதில் நீதி எதையும் தேடாதீர்கள். சீட்டுக்கு யார் நல்லவன் என்று தெரியாது. தெரிந்திருந்தால் ஐந்தாவது வேறு மாதிரி வந்திருக்கும். சவரிமுத்து, அந்தோணியின் தோளில் கைபோட்டுக்கொண்டு நின்றிருந்தார். ஐந்தாவதை வாசித்தேன். அது அவர்களுடையது இல்லை.

கூட்டம் கலையும்போது சவரிமுத்து என்னிடம் வந்தார். "எங்க சீட்டு டப்பாக்குள்ள இருந்துச்சுல்லா சார்?" என்று மட்டும் கேட்டார். மீதிப் பதினைந்தையும் மேசையில் கொட்டி ஒவ்வொன்றாகப் பிரித்தேன். ஒன்பதாவது சீட்டில் அவர்கள் பெயர் இருந்தது. அதை விரலால் தொட்டுப் பார்த்தார். "சரி சார்" என்று மச்சானோடு நடந்தார். அன்றிலிருந்து ஓய்வு பெறும்வரை, வராத சீட்டுகளைப் பிரித்துக் காட்டாமல் எந்தக் குலுக்கலிலிருந்தும் நான் எழுந்ததில்லை. நீங்களும் காட்டுங்கள்.

அந்த வாரமே அண்ணாச்சி கடையில் ரோசம்மாவைப் பார்த்தேன். சவரிமுத்துவும் அந்தோணியும் துறைமுகத்தில் உப்பு மூட்டை ஏற்றப் போகிறார்கள் என்றார். "நான்தான் சாருகிட்ட வந்து சொன்னேன்னு வீட்டுல சொல்லிட்டேன். ரெண்டு நாளு என்கூடப் பேசலை. மூணாம் நாளு மீன் கொழம்புல புளி கொறைச்சலுன்னாக. அதோட சரியாப் போச்சு."

அவர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஒரு வீட்டுக்கு வந்த நல்ல வேலையைக் கெடுத்துவிட்டோமே என்று உள்ளே அரித்துக்கொண்டே இருந்தது.

இரண்டாவது வாரம் நானும் வள்ளத்தில் போனேன். போகாமல் இனி எதையும் எண்ணுவதில்லை என்று முடிவு செய்திருந்தேன். வாந்தி எடுத்து வாந்தி எடுத்துக் குடல் வெளியே வந்துவிடும்போல இருந்தது. லூர்து கீழே இருந்தார். அவருடைய மச்சான் கயிற்றை இரண்டு விரலில் தொட்டுக்கொண்டு என்னைக் கேலி செய்துகொண்டிருந்தார். "சார் காலையில என்ன தின்னியன்னு மீனுக்கெல்லாம் தெரிஞ்சு போச்சு" என்றவர் பாதியில் நிறுத்தினார். கயிறு ஆடவில்லை. நானும் அதையேதான் பார்த்துக்கொண்டிருந்தேன், ஆடவே இல்லை. ஆனால் அவர் இரண்டு கையாலும் வெறிபிடித்தவர்போல இழுத்தார். லூர்து மேலே வந்தபோது கண் செருகியிருந்தது. மூக்கில் ரத்தம். வள்ளத்தில் போட்டுப் புரட்டி, முதுகில் தட்டி, நெஞ்சைத் தேய்த்தார்கள். கொஞ்ச நேரத்தில் இருமினார், பிறகு மச்சானைத் திட்டினார். அந்தத் திட்டைக் கேட்டு வள்ளத்தில் இருந்த எல்லாரும் அழுதுவிட்டோம்.

"உங்களுக்கு எப்படித் தெரிஞ்சுது?" என்று அந்த மச்சானிடம் கேட்டேன்.

"தெரியலை சார். கயிறு சும்மா இருந்துச்சு. இவன் சும்மா இருக்கிறவன் இல்ல."

கரை சேர்ந்ததும் நிலையத்துக்குப் போகவில்லை. ஈர வேட்டியோடு நடந்தேன். சனிக்கிழமைப் பட்டியல்படி நடந்திருந்தால் சவரிமுத்துவின் கயிறு இன்று யாரோ ஒருவர் விரலில் இருந்திருக்கும். அந்த ஒருவர் என்னைக் கேலி செய்துகொண்டே இருந்திருப்பார். இதுதான் திரும்பத் திரும்ப மனதில் ஓடியது. அவர்கள் வீடு கோயிலுக்குப் பின்னால் மூன்றாவது தெரு. ரோசம்மா வாசலில் மீன் அலசிக்கொண்டிருந்தார். என் கோலத்தைப் பார்த்து எழுந்து நின்றார்.

எதற்கு வந்தேன் என்று எனக்கே சொல்லத் தெரியவில்லை. "சவரிமுத்து இருக்காரா?" என்று கேட்டேன். கேட்கும்போதே குரல் உடைந்துவிட்டது.

அவர் என் ஈர வேட்டியைப் பார்த்தார், முகத்தைப் பார்த்தார். கடலில் ஏதோ நடந்திருக்கிறது என்று புரிந்துகொண்டார் என்றே நினைக்கிறேன். கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு, கதவை நன்றாகத் திறந்துவிட்டார்.

"இருக்காக சார்" என்றார். "உள்ளதான் இருக்காக. வாங்க."